நூற்றொன்பதாம் திருப்பாடல்

"அது மட்டும் வேணாம்மா."

"ஏன் சாமி?"

"கோயில்ல நின்னு படிக்கிற பாட்டா அது? அவன் பொண்டாட்டி விதவையாவணும், பிள்ளைங்க வீடு வீடா கையேந்தணும்னு வரிக்கு வரி வருது."

"பைபிள்லதானே சாமி இருக்குது?"

"இருக்குது. நான் இல்லன்னா சொன்னேன்?"

"வெட்டிப்போட்டதைத்தான் இந்த வருஷம் படிக்கப்போறோம்னு சாம்பல் புதனன்னைக்கு மைக்குல சொன்னது நீங்கதான். இப்ப நீங்களே வெட்டுறீங்க."

ஃபாதர் தைனிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். முப்பத்தேழு வயது. போன மே மாத மாற்றலில் இந்தப் பங்குக்கு வந்தவர். வேதாகமத்தையே தனிப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் பங்கு அலுவலக மேஜையில் ரசீதுப் புத்தகத்தைவிட அடிக்கோடு போட்ட பைபிள்கள்தான் அதிகம் கிடந்தன. எதிரே நின்றுகொண்டிருந்த அகஸ்டினாவுக்கு நாற்பத்தாறு. முத்தியால்பேட்டையில் டி.டி.பி. கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, புதுநன்மை அட்டை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவள் கம்ப்யூட்டரிலிருந்துதான் கிளம்பும். பதினேழு வருஷமாகப் பங்கின் ஞாயிறு தாளையும் அவள்தான் அடித்துக் கொடுக்கிறாள்.

அந்தத் தாளில் வாசகங்களின் எண்கள் வரும். ஒன்று, கமா, மூன்று முதல் ஐந்து, கமா, ஒன்பது. பூசைக்கென்று அச்சிட்ட வாசகப் புத்தகம் எந்த வசனத்தைப் படிக்கச் சொல்கிறதோ அதை மட்டும்தான் கோயிலில் படிப்பார்கள். நடுவில் விட்டுப்போனவை விட்டுப்போனவைதான். மழைக்காலத்துத் தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி அகஸ்டினாவும் அந்த எண்களைத் தாண்டித் தாண்டி அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்தத் தவக்காலத்தில் ஃபாதர் தைனிஸ் ஒரு வேலை செய்தார். புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, பூசையாக இல்லாமல் வெறும் ஜெப வழிபாடாக வைத்தார். பூசை இல்லையென்றால் வாசகப் புத்தகத்தின் கட்டு இல்லை. புத்தகம் தாண்டிப் போகிற பகுதிகளில் வாரம் ஒன்றை எடுத்துப் படித்துப் பிரசங்கம் வைப்பது என்று ஏற்பாடு.

முதல் புதனுக்கு நாற்பது பேர் வந்தார்கள். வாய் தவறி நேர்ந்துகொண்டு பெற்ற மகளையே பலி கொடுத்த இப்தாவின் கதை. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட எழுதி வைக்கவில்லை என்றார் சாமியார். அடுத்த வாரம் நூறு பேர். நான்காவது வாரம் லேவியன் ஒருவன் செத்த வைப்பாட்டியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி ஊர் ஊராக அனுப்பிய பகுதி. கேட்டுவிட்டு வெளியே வந்த ஒரு கிழவி, அடுத்த புதன் யாரை வெட்டப்போறீங்க சாமி என்று வாசலிலேயே கேட்டாள். வெளியில் பெஞ்சு போட வேண்டியதாயிற்று.

அகஸ்டினாவைப் பிடித்துக்கொண்டது இரண்டாவது வாரம். சவுல் அரசனின் வைப்பாட்டி ரிஸ்பா. அவள் பெற்ற பிள்ளைகளை மலைமேல் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். அவள் பாறைமேல் கோணியை விரித்து உட்கார்ந்து, பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் பிணத்தண்டை அண்டவிடாமல் விரட்டிக்கொண்டே இருந்தாள், அறுவடை தொடங்கியதிலிருந்து மழை விழும்வரை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அகஸ்டினா சாப்பிடவில்லை. ஊர்ப் பேச்சாக வந்து அண்ணன் மரிய அருணைக் கொத்திய காக்கைகளில் ஒன்றைக்கூடத் தான் கையோங்கி விரட்டியதில்லை என்று சட்டென்று பட்டது. மறுநாள் கடையில் வேலை இல்லாத நேரத்தில் பைபிளைப் பிரித்து, தாண்டிப்போன எண்களாகத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். எட்டாம் நாள் நூற்றொன்பதாம் திருப்பாடலில் வந்து நின்றாள். ஒரு தாகத்தோடு இரண்டு முறை படித்தாள்.

"யார் மேலயாவது கோவமாம்மா?" என்று ஃபாதர் தைனிஸ் கேட்டார்.

"இல்ல சாமி. கடைசிப் புதன் எங்கண்ணன் மொத வருஷ நெனவு நாள். அண்ணனுக்குப் பிடிச்ச பாட்டு அது."

பொய் எவ்வளவு வழவழப்பாக வந்து விழுந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். அண்ணனுக்குப் பாட்டு எது, வசனம் எது என்று தெரியாது. எந்த நேரத்துக்கு எந்த மணி, எந்தத் திருநாளுக்கு எந்த நிறத் துணி என்று தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவன். கதவு திறப்பது, மணியடிப்பது, பீடத்துக்குத் துணி விரிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பொருள் அலமாரியின் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவது எல்லாம் அவன் வேலை.

சாமியார் யோசித்தார். பிறகு, சரி, ஆனால் இது சாபம் போடுகிற பாட்டு இல்லை, கோபத்தைக் கடவுள் கையில் கொடுத்துவிடுகிற பாட்டு என்று பிரசங்கத்தில் விளக்கிச் சொல்லிவிடுகிறேன் என்றார். யாரை வாசிக்கச் சொல்லலாம் என்று கேட்டார்.

"முசியே அலெக்சாண்டரே படிக்கட்டும் சாமி," என்றாள் அகஸ்டினா. "அவரு குரலுக்குத்தான் எடுப்பா இருக்கும்."

*

அலெக்சாண்டர் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வீட்டில் பிறந்ததால் இவரும் சாமியாரை 'மோன் பேர்' என்றுதான் கூப்பிடுவார். பழைய ஆட்கள் இவரை 'முசியே' என்பார்கள். குரல் நிஜமாகவே நல்ல குரல். பெரிய வெள்ளிக்கிழமையில் பாடுகளின் வரலாற்றைப் படிக்கும்போது கடைசிப் பெஞ்சில் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தும். அந்தக் குரலின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் எதையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார். வழிபாடு தொடங்கும்போது வருவார், மேடைக்குப் போவார், தாளை எடுப்பார், வாசிப்பார். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அதையும் போடுவதில்லை. அதனால் அவருக்கு மட்டும் தனியாக, கொட்டை எழுத்தில் ஒரு தாளை அகஸ்டினா அடித்து வைக்க வேண்டும். பத்து வருஷமாக நடக்கிற ஏற்பாடு அது.

அவரை அவள் வாய்நிறைய 'சார்' என்பாள். போன ஜூனிலிருந்து மனசுக்குள் மட்டும் 'அவன்.'

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் திருவிழாவுக்குக் கொடியேற்ற எட்டு நாள் இருக்கும்போது, மாதாவின் வெள்ளிக் கிரீடம் அலமாரியில் இல்லை. சாவி மரிய அருணிடம் இருந்தது. மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அவன் ஒரு துணிப்பையோடு பின்வாசல் வழியாகப் போனதைப் பார்த்தேன் என்று அலெக்சாண்டர் சொன்னார். பார்த்ததும் உண்மைதான். அந்தப் பையில் வெளுக்கப் போட வேண்டிய பீடத்துணிகள் இருந்தன. போலீஸ் வேண்டாம், பங்கின் மானம் போகும் என்று அப்போதிருந்த சாமியார் முடிவு செய்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்புகளோடு அறிவிப்பாக அதையும் அலெக்சாண்டரே அந்தக் குரலில் வாசித்தார்: திருப்பொருள் காணாமல்போனது தொடர்பாகக் கோயில்பிள்ளை மரிய அருண் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

அந்த மூன்று வரியை அடித்துக் கொடுத்தவள் அகஸ்டினா. சனிக்கிழமை வழக்கம்போல அறிவிப்புத் தாள் கடைக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான். நீயே அடிச்சிடு பாப்பா, வேற கடைக்குப் போச்சின்னா எம்பேரைத் தப்பா அடிப்பானுங்க என்றான்.

அதற்குப் பிறகு அவன் கோயிலுக்குள் காலை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்ச்சாரி பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பூசையைக் கேட்பான். மணி ஒரு நொடி பிந்தினால் உதட்டைப் பிதுக்குவான். உழவர்கரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அண்ணி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திருடன் பொண்டாட்டி என்று தண்ணிக் குழாயில் ஒருத்தி சொன்னதுதான் காரணம். போன வருஷம் தவக்காலத்தில், கேட்டைத் திறந்துவிட எழுந்தவன் அப்படியே சாய்ந்தான். அவன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் அகஸ்டினாதான் அடித்தாள். 'முன்னாள் கோயில்பிள்ளை' என்று போடுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போடவில்லை.

மூன்று மாதம் கழித்து, மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க நகைத் தொழில் செய்கிற புருஷோத்தமன் அவள் கடைக்கு வந்தார். முத்தியால்பேட்டை ஆள், சாமி நகைகளுக்கு முலாம் பூசுவதில் கைதேர்ந்தவர். மாதிரி அட்டைகளைப் புரட்டிக்கொண்டே பேச்சுவாக்கில், உங்க கோயில் கிரீடம் ஒண்ணு நாலு மாசம் எங்கிட்டயே கெடந்துது தெரியுமா என்றார். அலெக்சாண்டர் சார் முலாம் பூசக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறந்தே போய்விட்டாராம். இவருக்கும் அப்போது காலில் ஆபரேஷன், கடை பூட்டிக் கிடந்தது. நடக்க ஆரம்பித்ததும் இவரே போய்ச் சொல்லி, அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அகஸ்டினா அட்டைகளை அடுக்கி வைத்தாள். எழுத்து தங்க நிறத்திலா சிவப்பிலா என்று கேட்டாள்.

திருவிழா முடிந்து நான்கு மாதத்தில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், பெயர் சொல்ல விரும்பாத உபயதாரர் ஒருவர் புதுக் கிரீடம் செய்து கொடுத்திருப்பதாகவும் பங்கு மக்கள் சார்பில் அவருக்கு நன்றி என்றும் ஒரு அறிவிப்பு வந்தது அவளுக்கு நினைவிருந்தது. அதையும் அவள்தான் அடித்தாள். அதையும் அவர்தான் வாசித்தார். கைகூடத் தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே மாலை சாத்துகிறேன் என்று அனுமதி வாங்கி ஏணியில் ஏறிப் பார்த்தாள். கிரீடத்தில் பன்னிரண்டு நட்சத்திரங்கள். பழைய கிரீடத்தில் ஒன்று மட்டும் வளைந்திருக்கும், அது பக்தர்கள் கண்ணில் படாதபடி அண்ணன் எப்போதும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பான். இந்தக் கிரீடத்திலும் சுவர்ப்பக்கம் ஒரு நட்சத்திரம் வளைந்திருந்தது. அது தானாகத் திரும்பிக்கொள்ளாது. தெரிந்த ஒரு கைதான் திருப்பியிருக்க வேண்டும். அண்ணன் ஒரே ஒரு தடவை உள்ளே வந்து அண்ணாந்து பார்த்திருந்தால் போதும், கண்டுபிடித்திருப்பான். எட்டு வருஷம் அவள் தினமும் உள்ளே வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், கும்பிட்டாள்.

பழைய சாமியார் ஓய்வில் இருந்த இடத்துக்குப் போய்ச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, செத்தவன் கடவுள்கிட்ட போயிட்டான், உயிரோட இருக்கிறவங்க ஒத்துமையா இருக்கணும் இல்லையா, விட்டுடும்மா என்றார். விட்டுவிடுவது அவர்களுக்குப் பழகிய வேலை.

அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. அலெக்சாண்டரிடம் போய் நேருக்கு நேராகக் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் மன்னிப்புக் கேட்டுவிடுவானோ என்பதுதான் அவளுடைய பயம். கேட்டுவிட்டால் மன்னிக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டால் அதைத்தான் சொல்வார்கள். பிறகு கையில் ஒன்றும் இருக்காது. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. அறிவிப்பு வாசித்த அதே இடத்தில், அதே மைக்கில், அதே குரலில், அவன் வாயாலேயே அவனுக்கு விழ வேண்டும்.

*

செவ்வாய்க்கிழமை கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு அந்தத் தாளை அடித்தாள். திருப்பாடலில் ஒரு எழுத்தையும் அவள் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை. பொய் நாக்குகள் தன்மேல் பாய்ந்ததாக ஒருவன் கடவுளிடம் அழுவதில் பாட்டு தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு வரியிலும் 'அவன், அவன்' என்று வருகிறது. அந்த அவனுக்குள் ஒரே ஒரு ஆளைத்தான் அவளால் உட்கார வைக்க முடிந்தது.

மக்கள் சொல்ல வேண்டிய பதிலுரையை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார் சாமியார். பாட்டின் முதல் வரியிலிருந்தே எடுத்துக்கொண்டாள்: இறைவா, பேசாமல் இருந்துவிடாதேயும். மக்களுக்கான துண்டுத் தாளில் அது மட்டும்தான்.

அலெக்சாண்டரின் கொட்டை எழுத்துத் தாளில்தான் வேலை இருந்தது. முன்பக்கத்தில் வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள், மறுபடி கூட்டினாள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் அடுத்த பக்கத்துக்கு ஓடாமல் பார்த்துக்கொள்கிற கைத்திறன்தான். அவன் இரக்கம் காட்ட நினைக்கவில்லை, ஏழையை, நெஞ்சு உடைந்தவனைச் சாகும்வரை துரத்தினான் என்று வருகிற வரி சரியாகப் பின்பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேலே, வழிபாட்டின் கருத்தைப் போடுகிற இடத்தில், இன்னும் பெரிய எழுத்தில் அடித்தாள்: மரிய அருண், இந்தக் கோயிலின் கோயில்பிள்ளை, முதலாண்டு நினைவு.

இந்தத் தடவை போட்டாள். 'முன்னாள்' போடவில்லை.

புதன் சாயங்காலம் வெக்கை குறையவே இல்லை. மின்விசிறிகள் சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. அகஸ்டினா வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சில், மேடை நேராகத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தாள். முன் பெஞ்சில் அலெக்சாண்டரின் வீட்டம்மாவும் மகள் ஆஷ்லினும். ஆஷ்லினின் புதுநன்மை அட்டையை அவள்தான் அடித்தாள், அப்போது முன்பல் இரண்டும் இல்லாத பிள்ளை. இப்போது கல்லூரி முடிக்கப் போகிறது. ஆரம்பப் பாட்டு பாதி போயிருக்கும்போது அலெக்சாண்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துவிடாத கை. மகளின் தலையைத் தொட்டுவிட்டு மேடைக்குப் போனார். தாளை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

முதல் பகுதியை அவர் அற்புதமாக வாசித்தார். பொய்க் குற்றம் சாட்டப்பட்டவனின் அழுகையில் ஒரு நடுக்கத்தைக்கூடச் சேர்த்தார். நிறுத்தினார். இருநூறு பேரும் ஒரே மூச்சாகச் சொன்னார்கள்: இறைவா, பேசாமல் இருந்துவிடாதேயும்.

இரண்டாம் பகுதி. அவனைக் குற்றவாளி என்று தீர்க்கட்டும். அவன் நாட்கள் சுருங்கட்டும். அவன் பதவி இன்னொருவன் கைக்குப் போகட்டும். இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. குரல் தூண்களில் பட்டுத் திரும்பி வந்தது. ஜனங்கள் சொன்னார்கள்: இறைவா, பேசாமல் இருந்துவிடாதேயும்.

மூன்றாம் பகுதியில் பிள்ளைகள் அநாதையாகட்டும் என்று வந்தது. மனைவி விதவையாகட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இரங்க ஒருவரும் இல்லாமல் போகட்டும். பின்பெஞ்சுகளில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிலுரை வந்தபோது முன்பெஞ்சிலிருந்து ஆஷ்லினின் குரல் எல்லாருக்கும் மேலே தெளிவாகக் கேட்டது. அப்பாவின் குரல் அவளுக்கு வந்திருக்கிறது. அகஸ்டினா முன்பெஞ்சிலிருந்து கண்ணை எடுத்துக் கையிலிருந்த துண்டுத் தாளைப் பார்த்தாள். கடலூரில் இருக்கிற இரண்டு பெண் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். மறுபடி நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள்.

அவர் தாளைத் திருப்பினார்.

அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. தாளை எட்டப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார், மறுபடி எட்டப் பிடித்தார். கண்ணாடி இல்லாதவர்கள் செய்வதுதான், ஆனால் அந்த எழுத்து வாசற்படியிலிருந்துகூடத் தெரிகிற எழுத்து. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. வாசகர் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டும் என்று பழகிய ஜனம் அது. பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்களாகவே சொன்னார்கள்: இறைவா, பேசாமல் இருந்துவிடாதேயும்.

அவர் பேசவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சொல்ல வேண்டுமோ என்ற சந்தேகத்தோடு பாதிப் பேர் மறுபடி சொன்னார்கள்.

அவர் தலையைத் தூக்கினார். நேராக மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், இரண்டு ஆள் உயரத்தில், மாதாவின் தலையில் கிரீடம் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது. அகஸ்டினா அவர் கண்ணிலிருந்து மெதுவாகப் பார்வையை எடுத்து, அவர் தலைக்கு மேலே கிரீடத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவர் முகம் பழைய துணி மாதிரி தொய்ந்துபோனதை அவளால் பார்க்க முடிந்தது. ஒன்பது வருஷப் பசிக்கு முதல் கவளம் வாயில் விழுந்த மாதிரி இருந்தது. இன்னும் வேண்டும் என்று இருந்தது.

அவர் மீதியையும் வாசித்தார். யாரோ ஒரு வயதான மனுஷன் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற குரலில், சாகும்வரை துரத்தினான் என்று வாசித்தார். சாபத்தை உடையாக உடுத்துக்கொண்டான், அது தண்ணீராக உடம்புக்குள் இறங்கட்டும், எண்ணெயாக எலும்புக்குள் இறங்கட்டும் என்று வாசித்தார். முடித்துவிட்டு முன்பெஞ்சுக்குப் போகாமல் பக்கவாசல் பக்கம் தூணோரமாக நின்றுகொண்டார்.

ஃபாதர் தைனிஸ் பிரசங்கத்துக்கு எழுந்தார். இந்தப் பாட்டைப் பாடுகிறவன் கையில் கல் இல்லை, கத்தி இல்லை, வாய் மட்டும்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார். அகஸ்டினா காதில் வாங்கவில்லை. தூணோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. இந்தச் சாபமெல்லாம் பாடுகிறவன் சொன்னதே இல்லை, அவனைப் பார்த்து ஊர் சொன்னது என்று நினைக்கிற அறிஞர்களும் உண்டு என்றார் சாமியார். பொய்க் குற்றம் சாட்டியவர்கள் அந்த ஏழையை இப்படியெல்லாம் சபித்தார்கள், அதைத்தான் அவன் கடவுளிடம் ஒப்பித்து அழுகிறான் என்று வைத்துப் படித்துப் பாருங்கள்.

அவள் வேண்டாமென்றுதான் நினைத்தாள். ஆனால் மனசு தானாகப் படித்தது. அவன் பதவி இன்னொருவன் கைக்குப் போகட்டும். போயிற்று, அடுத்த மாதமே புதுக் கோயில்பிள்ளை வந்தான். அவன் வீடு வெறிச்சோடட்டும். அண்ணி கடலூருக்குப் போனாள். அவன் நாட்கள் சுருங்கட்டும். ஐம்பத்திரண்டு வயசு. ஒரு வரிகூடப் பாக்கி இல்லாமல் எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. மூன்று வரியில் தொடங்கியது அது. அந்த மூன்று வரியை அடித்த விரல்கள் மடியில் கிடந்தன. கையை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். அலெக்சாண்டர்மேல் இருந்த வெறுப்பு குறையவில்லை. இன்னும் ஒரு பங்கு கூடிற்று. அந்த மூன்று வரியைத் தன் கையால் அடிக்க நேர்ந்ததும் அவனால்தான்.

வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சிலர் அவளை நிறுத்தி, அண்ணனுக்காக நல்லா ஜெபம் பண்ணோம் என்றார்கள். ஒருத்தி, என்னம்மா இன்னைக்கு முசியேவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா என்றாள். அகஸ்டினா மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டி வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நடந்தாள். சாவியைப் போடும்போது பின்னால் நிழல் தெரிந்தது.

அலெக்சாண்டர் தனியாக வந்திருந்தார். வீட்டம்மாவையும் மகளையும் கேட்டண்டையிலேயே நிற்கச் சொல்லியிருந்தார். கொட்டை எழுத்துத் தாள் நான்காக மடிந்து அவர் கையில் இருந்தது.

"எப்ப தெரியும்?" என்றார்.

"போன ஜூன்ல. புருஷோத்தமன் பத்திரிகை அடிக்க வந்தாரு."

"அருணுக்கு?"

"தெரியாமயே போயிட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். திருவிழா வேலையில் எதை யாரிடம் கொடுத்தேன் என்று தலைகால் தெரியாமல் இருந்தது என்றார். அது வந்து சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அடுத்த ஞாயிறு சொல்லலாம், அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று போய்க்கொண்டே இருந்தது என்றார். ஒவ்வொரு வாரமும் அறிவிப்பு வாசிக்கும்போது பஞ்சர் கடை பெஞ்சு கதவு வழியாக நேராகத் தெரியும் என்றார். அகஸ்டினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் அழ வேண்டும் என்று எதிர்பார்த்தாள். அவன் அழவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை இப்போது வரும், இதோ வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தால் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதற்கு வாயில் வார்த்தையை எடுத்து வைத்திருந்தாள்.

அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. மடித்த தாளைப் பிரித்து, எழுதாமல் விட்டிருந்த அடிப்பக்கத்தைக் காட்டினார். கேட்டண்டையிலிருந்து ஆஷ்லின், அப்பா, நேரமாவுது என்று கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒன்பது வருஷமா மனசுலயே எழுதிப் பாக்குறேன், மொத வரியே வர மாட்டேங்குது," என்றார். "அன்னைக்கு அடிச்சது நீதானேம்மா. இதையும் நீயே அடிச்சிக் குடு, அகஸ்டினா. என்ன நடந்துதுன்னு எம்பேரைப் போட்டு அப்படியே எழுது, எவ்வளவு பெருசா வேணா எழுது. ஞாயித்துக்கிழமை பூசையில அதே மைக்குல நானே படிக்கிறேன்."